பதில் சொல்லாதவர்கள் வருவதாகவே கருதப்படும்

உ
பரமசிவன் துணை

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

தேவாரம் ஊரில் இருக்கும் உடன்பிறந்த அண்ணன் தங்கபாண்டி அவர்களுக்கு, தங்கை சூர்யகலா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மாப்பிள்ளை மகாராஜனும், என் மாமியார் சுருளியம்மாளும், உங்கள் மருமகள் அமுதவள்ளியும் சாமி புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீங்களும் பேச்சி மதினியும் சௌக்கியமாக இருக்க வேண்டும், உங்கள் சோளக்காட்டுப் பக்கம் யானை எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். நலத்துக்குப் பதில் போடவும் என்று வழக்கமாக இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுதப் பயமாக இருக்கிறது. பதில் போடாமல் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

உங்களுக்குப் போன் பண்ணினால் அணைந்து கிடக்கிறது என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொல்கிறாள். வாட்ஸப்பில் அனுப்பியதற்கு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. விக்கியில் உங்கள் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன், அதற்கும் ஒன்றும் இல்லை. அதனால்தான் காகிதம். காகிதத்தை அணைத்து வைக்க முடியாது அல்லவா.

அண்ணே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தட்டச்சுப் பலகையை நான் பிடுங்கவில்லை. அமுதுவின் காதுகுத்துக்கு உங்களைக் கூப்பிடாமல் விடவும் இல்லை. இரண்டும் ஒரே கோளாறால் வந்தவை. அந்தக் கோளாறை முழுசாகச் சொன்னால்தான் உங்கள் கோபம் ஆறும், நீங்களும் வந்து பிள்ளையை மடியில் வைப்பீர்கள். மாமன் மடி இல்லாமல் அவள் காது இன்னும் மூடியே கிடக்கிறது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மதினிக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மதினி, விக்கி என்பது ஒரு பெரிய அன்னதானம் மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து தனக்குத் தெரிந்ததை எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. எழுதுவதெல்லாம் நிற்க வேண்டும் என்றால் அடியில் ஒரு மென்பொருள் ஓட வேண்டும். அதையும் பூட்டி வைக்கவில்லை. தெரிந்தவர் எந்த நாட்டில் இருந்தும் வந்து கை வைத்துப் பழுது பார்க்கலாம். எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, படம் ஏற மாட்டேன் என்கிறதா, அதை ஒரு வேலைச்சீட்டாக எழுதிப் போட்டுவிட்டால் யாராவது எடுத்துச் செய்வார்கள். செய்வார்கள் என்றா சொன்னேன், செய்கிறேன் என்பார்கள். யார் செய்கிறேன் என்றது, சொன்னவர் எங்கே போனார், அவர் செய்ததில் வேறு எது உடைந்தது என்று பார்த்து, அங்கே நடப்பதை நம் ஆட்களுக்கும் நம் ஆட்கள் படும் பாட்டை அவர்களுக்கும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தமிழுக்கு அந்த ஆள் நான். எனக்கு மென்பொருளில் ஒரு வரி எழுதத் தெரியாது. அன்னதானத்தில் அடுப்புப் பக்கமே போகாமல், "அந்தப் பந்திக்கு எலையப் போடு, சாம்பார் வாளி எங்க?" என்று நடுவில் நின்று கத்திக்கொண்டிருப்பார்களே, அந்தச் சோலி.

நான் இதில் வந்து விழுந்ததே எங்கள் வீட்டுக் குலசாமியால். சிலமலைக் கோயிலைப் பற்றிய பக்கத்தில் பொங்கல் வைப்பது தை மாதம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். மனசு கேட்கவில்லை, மாசி என்று திருத்தினேன். அடுத்த நாளே பழையபடி தை ஆக்கி, 'சான்று தேவை' என்று போட்டுவிட்டார்கள். பொங்கல் வைத்த பானை என் வீட்டில்தான் இருக்கிறது என்று பதில் போட்டேன். பானை சான்றாகாது என்றார்கள். அப்போது நீங்கள்தானே அண்ணே, நூலகத்தில் உட்கார்ந்து பழைய விழா மலர் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்க எண்ணோடு போட்டீர்கள்? அன்றைக்குத்தான் நீங்களும் அங்கே எழுதுகிறீர்கள் என்பதே எனக்குத் தெரியும். வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கத்தில், விக்கியில் யார் என்ன சொன்னார் என்றும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். சென்னையில் இருந்து மென்பொருள் வேலை பார்க்கும் கார்த்தி என்ற பையன், "அக்கா, எங்களுக்கே எங்க வேலை ஞாபகம் இல்ல. நீங்களே இதப் பாத்துக்கங்க" என்று தலையில் கட்டிவிட்டான். அவ்வளவுதான் என் வரலாறு.

இனி உங்கள் பலகை கதை. மதினி, அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் போடிக்கு வந்து டைப்ரைட்டிங் படித்தவர், அது உங்களுக்கும் தெரியும். அந்தப் பழைய மிஷின் வரிசையில்தான் அவருக்கு விரல் ஓடும். விக்கியில் எழுதும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் விசையெல்லாம் அந்தப் பழைய வரிசைக்கு மாறிக்கொள்ளும். அதை வைத்துத்தான் தேவாரத்துச் சுற்றுவட்டாரக் கண்மாய் ஒன்றுவிடாமல் எழுதினார், மடை எது, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கு எது, எந்தத் தண்ணீர் யார் காட்டுக்குப் போகிறது என்பது வரைக்கும். ஆனால் அந்தப் பொத்தானை உண்டாக்கியவர் எப்போதோ போய்விட்டார். பார்த்துக்கொள்ள நாதி இல்லை. மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அது எங்காவது இடித்துக்கொண்டு நின்றது. எல்லா மொழிக்காரர்களின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் யோஹானா என்று ஓர் அம்மா இருக்கிறார், பனி கொட்டும் ஊர்க்காரர். அவர் எனக்கு எழுதினார்: 'இந்தப் பொத்தானை எடுத்துவிடலாமா என்று உங்கள் மக்களிடம் கேளுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். யாரும் மறுக்காவிட்டால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம். இங்கே அதுதான் வழக்கம்.'

அண்ணே, அந்த வழக்கத்தைப் பார்த்து நான் மயங்கிப்போனேன். நம் வீடுகளில் ஒரு பந்தக்கால் ஊன்ற எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது! ஒருத்தர் "எனக்கென்ன, நல்லா நடத்துங்க" என்பார், அதற்கு வர மாட்டேன் என்று அர்த்தம். இன்னொருத்தர் ஒன்றுமே சொல்லாமல் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொள்வார், அவர் குடும்பத்தோடு முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பார். அங்கேயோ வாயைத் திறக்காத ஜனம் அத்தனையும் நம் பக்கம். பொதுப் பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பைப் போட்டேன். ஒரு வாரம் ஈ காக்கை வரவில்லை. 'தமிழ்: ஆட்சேபம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். பொத்தான் போனது. ஒரு பெரிய வேலை சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்ததே என்று பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய்கூடப் போட்டேன்.

'எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா' என்று கேட்பீர்கள். தோன்றியது. அண்ணன் பொதுப் பக்கத்தைப் பார்க்காமலா இருப்பார், வேண்டுமென்றால் சொல்ல மாட்டாரா என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடமே கேட்டு, நானே சரி என்றும் சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வழக்கத்தைக் கையோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். அமுதுவுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். சிலமலைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை. ஏல எஸ்டேட்டில் காய் எடுப்பு நடக்கிற நேரம், இவருக்கு ஒரு நாள்தான் ஓய்வு, வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைக்க எங்கே நேரம் என்று, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒரே செய்தியாகப் போட்டேன். நாள், இடம், சாப்பாடு எல்லாம் எழுதி, கடைசியில் இப்படி: 'வரும் வெள்ளிக்கிழமைக்குள் மறுப்புத் தெரிவிக்காதவர்கள் அனைவரும் வருவதாகவே கருதப்படும்.'

உங்கள் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிக்கொண்டே வாசித்தார். "என்னாடி இது? காதுகுத்தா, ஜப்தி நோட்டீசா?"

"எல்லா நாட்லயும் இப்பிடித்தாங்க. பதில் சொல்லலைன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

"எந்த நாட்ல மாமன் மடில வச்சுக் காது குத்துறாங்கெ?"

அத்தை புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "வெத்தல பாக்க வச்சு வாசல்ல நின்னு கூப்புடாம எவன்டி வருவான்?"

"எல்லாருக்கும் செய்தி போயிருச்சு அத்தை."

"யாரு கொண்டுபோனது?"

"குழுவுல போட்டிருக்கேன் அத்தை. எல்லாரும் பாத்துட்டாக."

அத்தை அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

குழுவில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை வீட்டுக்கும் தலைக்கணக்குப் போட்டு அரிசியும் கறியும் வாங்கி, பெரிய அண்டா இரண்டை வாடகைக்கு எடுத்து, லோடு அடிக்கும் சின்ராசுவின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு விடியவே கோயிலில் போய் இறங்கினோம். சோறு வெந்தது, குழம்பு கொதித்தது, பூசாரி வந்தார், ஆசாரி மொக்கையன் ஊசியோடு வந்தார். வேறு யாரும் வரவில்லை. வேப்பமரத்தடியில் விரித்த ஜமுக்காளத்தில் ஒரு கோழி நடந்து போனது, அதுதான் கூட்டம். பத்து மணிக்கு மேல் ஆசாரி கேட்டார்:

"மாமன் எங்கம்மா?"

"வந்துக்கிட்டிருக்காரு."

"போன் பண்ணுனாரா?"

"இல்ல. ஆனா மறுப்புத் தெரிவிக்கல."

"மறுப்புத் தெரிவிக்கலன்னா மடி வந்துருமாம்மா?"

சின்ராசு ரொம்பப் பாசமாக முன்னால் வந்தான். "அக்கா, அவசரத்துக்கு வேணும்னா எம் மடி இருக்கு."

"ஒனக்கு லோடு ஏத்துறதுதான்டா சோலி. மடி குடுக்குறதில்ல. தள்ளி நில்லு" என்றார் இவர்.

புதுப் பாவாடையோடு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அமுது, ஆசாரி ஊசியைத் துடைப்பதைக் கண்டதும் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "மாமா மடிலதான்" என்றாள். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? ஆசாரி ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிட மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தனை சோற்றையும் கறியையும் என்ன செய்வது? ஜீப்பில் ஏற்றி, குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்கே கொண்டுபோனோம். காய் எடுக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து மனசாரச் சாப்பிட்டார்கள். ஒருத்தி அமுதுவின் தாடையைத் தடவி, "இந்தப் புள்ளைக்கா காது குத்து? காது மூடில்ல கெடக்கு?" என்றாள். "சோறு வெரசா வந்துருச்சு, காது பின்னாடி வருது" என்றார் உங்கள் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது மாதிரி இருந்துவிட்டு, ஏலச்செடிக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மற்ற சொந்தங்கள் வராத காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஈஸ்வரி சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கூப்புடாத வீட்டுக்கு எப்பிடித் தாயி வர்றது? எங்களுக்கும் ரோசம் இருக்குல்ல" என்று போனார்கள். சித்தி கோபம் ஒரு புடவையில் தீரும். எனக்கு உறுத்தியது நீங்கள் வராததுதான். நீங்கள் பத்திரிகை பார்த்து வருகிற ஆள் இல்லை, உங்கள் மருமகளுக்கு என்றால் நான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் மோப்பம் பிடித்து வருகிற ஆள். மதினி நம்பருக்குப் போட்டேன். ஒரே இரைச்சல்.

"மதினி, அண்ணே ஏன் வரல?"

"அத ஏன் கேக்குற தாயி. வாயவே தொறக்குறதில்ல. ராத்திரி தூக்கம் கெடையாது. பகலெல்லாம் கவுந்து கெடக்காரு."

"விக்கில எழுதுறாரா மதினி? கம்ப்யூட்டரத் தொறக்குறாரா?"

"அந்தப் பொட்டியா? அது மூடித்தான் கெடக்கு. மேல வெத மூட்டைய வச்சிருக்கேன்."

நடுவில் மதினி யானை, வாய்க்கால் என்று வேறு ஏதேதோ சொன்னார்கள். என் மனசு நோகக் கூடாது என்று பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் லைன் போய்விட்டது, திரும்பக் கிடைக்கவும் இல்லை.

உடனே விக்கியைத் திறந்து உங்கள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் போன அதே வாரத்தோடு உங்கள் எழுத்தும் நின்றிருக்கிறது. பெரிய கண்மாய்ப் பக்கத்தில் கடைசி வாக்கியம், 'கலிங்கு வழியாக வெளியேறும் நீர்'. அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. அந்த நீர் எங்கே போகிறது என்று சொல்லாமல் அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட அத்தை வந்துதான் சொன்னார்கள். அண்ணே, ஒருத்தர் விரலை வெட்டிவிட்டு, 'அவர் வேண்டாம் என்று எழுதித் தரவில்லையே' என்று சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. வேண்டாம் என்று எழுதவும் அந்த விரல்தானே வேண்டும்?

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வாரக் கூட்டத்தில், கம்ப்யூட்டரில் எல்லோர் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியுமே அதில், முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், திக்கிய இடத்தில் கார்த்தி எடுத்துக் கொடுத்தான். நான் கொடுத்த பதில் தப்பு, எங்கள் ஊரில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை, கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம் என்றேன்.

யோஹானா அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எவ்வளவு கோபம் என்று கேட்டார்.

காதுகுத்துக்கு வராத அளவு என்றேன்.

காதுகுத்து என்றால் என்னவென்று கார்த்தி விளக்கினான். ஏன் மாமன், ஏன் மடி, அப்பா மடி ஆகாதா என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். வேலைச்சீட்டைப் பற்றி அவர்கள் அவ்வளவு அக்கறையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த அத்தை கட்டத்துக்குள் தலையை நீட்டி, "மொதல்ல வெத்தல பாக்கு வைக்கச் சொல்லுடி அவுகள" என்றார்கள். கார்த்தி அதையும் மொழிபெயர்த்துவிட்டான்.

யோஹானா அம்மா சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார்: எங்களிடம் நூற்றுக்கணக்கான மொழிகள் இருக்கின்றன, ஒவ்வொருவர் வாசலுக்கும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பழுதும் நீங்காது, ஆள் இல்லாத பழைய பொத்தானை எல்லாம் தூக்கிச் சுமந்தால் மொத்த வீடும் இடிந்துவிடும். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது அண்ணே. அவருக்கும் ஒற்றை ஆளாய்ப் பெரிய பந்தி.

நான் சொன்னேன்: நீங்கள் போக வேண்டாம் அம்மா. ஒவ்வொரு ஊரிலும் என்னை மாதிரி ஒருத்தி இருக்கிறாள், அதற்குத்தானே எங்களை வைத்திருக்கிறீர்கள்? அந்தப் பொத்தானை இன்னும் அழுத்துகிறவர் யாரென்று பார்த்து, அவர் வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்து, எடுக்கட்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் ஆணி அடிப்பது கேட்பது ஆகாது.

சொல்லி முடித்ததும் எந்தக் கட்டத்திலும் சத்தம் இல்லை. அந்த அமைதியை எந்த ஊர்க் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஏதோ தீவுக்காரர், அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர், எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். அடுத்து இன்னொரு அம்மா. இத்தனை நாளும் இவர்களும் ஒத்துக்கொண்டவர்கள் கணக்கில்தான் இருந்திருக்கிறார்கள்.

முடிவு இதுதான். பொத்தானைத் திரும்ப வைத்துவிட்டார்கள், ஒரு மாதத்துக்கு மட்டும். அதற்குள் அதை உண்மையிலேயே பயன்படுத்துகிற ஒருவர் வந்து தன் கையால் தேவை என்று எழுத வேண்டும். பொறுப்பாளி யார் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். யாரும் எழுதாவிட்டால் நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். "அக்கா, அண்ணன் கையால ஒரே ஒரு வரி, 'எனக்கு வேண்டும்'னு. அது போதும்" என்கிறான் கார்த்தி. உங்களுக்காக அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னாலும் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன் அண்ணே. விதை மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து அந்த ஒரு வரியை எழுதுங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் எழுதி முடியுங்கள்.

அதைவிட முக்கியம், வரும் வெள்ளிக்கிழமை. பூசாரியிடம் மறுபடி நாள் கேட்டிருக்கிறேன். ஆசாரி மொக்கையனிடமும் சொல்லியாகிவிட்டது, "இந்தத் தடவ மடிய மொதல்ல கண்ணுல காட்டுங்க, அப்பறம் பைய எடுத்துட்டு வர்றேன்" என்கிறார். நானே நேரில் வந்து கூப்பிடலாம்தான். காய் எடுப்புச் சோலி ஒரு பக்கம், அத்தைக்கு முட்டுவலி ஒரு பக்கம். "போன எடுக்காதவரு வாசல்ல போயி என்னான்னு நிக்கிறது?" என்று இவர் ஒரு பக்கம். அதெல்லாம் இல்லை அண்ணே, கதவைத் தட்டி, நீங்கள் திறந்து, பேசாமல் உள்ளே போய்விட்டால், அந்த வாசலில் பிள்ளையோடு எப்படி நிற்பேன்? அதனால் இந்தக் கடிதத்தையே நான் வந்து நின்றதாக நினைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் வெற்றிலை ஒன்றும் கொட்டைப்பாக்கு ஒன்றும் வைத்திருக்கிறேன்.

எங்கள் குலசாமியும் உங்கள் காட்டுச்சாமியும் உங்களுக்கும் மதினிக்கும் நீண்ட ஆயுசும், நிறைந்த விளைச்சலும், என் மேல் கொஞ்சம் இரக்கமும் தரட்டும். அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அமுது தன் இரண்டு காதையும் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் கோபத்துக்கு அஞ்சும் தங்கை,
ம. சூர்யகலா

பி.கு.: அண்ணே, உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பார்த்தால் தட்டு நிறையப் பழம், பாவாடைத் துணி, தங்கத் தோட்டோடு மதினி. பின்னால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீங்கள். "வாங்கண்ணே" என்றேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், சத்தமே வரவில்லை. இவ்வளவு கோபமா என்று நான் ஓவென்று அழுதுவிட்டேன். மதினிதான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "ஏன்டி அழுகுற? அவருக்குத் தொண்ட போச்சுடி! சோளக்காட்டுக்கு யானை எறங்கி, ராத்திரி ராத்திரியா வெரட்டிக் கத்திக் கத்தி இந்த லட்சணம். டாக்டரு பேசவே கூடாதுன்டாரு. போன வேற வாய்க்கால்ல விட்டுட்டாரு. அன்னைக்கே சொன்னேனே, நீ எங்க காதுல வாங்குன? அக்கா ஒரு அண்டாச் சோத்த வச்சுக்கிட்டு மாமனத் தேடுச்சுன்னு சின்ராசு வந்து சொல்லித்தான் காதுகுத்து விசயமே எங்களுக்குத் தெரியும்."

அப்படியும் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் திண்டில் சாய்ந்து முழுவதையும் வாசித்து, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினீர்கள்: 'அந்தப் பொத்தானை விட்டு ரெண்டு வருசமாச்சு கலா. போனில் வாயால் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்ளும். அன்றைக்குக் கலிங்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் யானை வந்தது.'

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாருக்காக இந்த உலகத்தையே கூட்டிவைத்துப் பேசினேன்? கார்த்திக்கு என்ன சொல்வேன், யோஹானா அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்தத் தீவுக்காரர் வேறு இருக்கிறார். ஆனால் நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். துண்டுக்கு மேலே தொண்டையைத் தொட்டுக் காட்டினீர்கள், போன் இல்லாத வெறுங்கையைக் காட்டினீர்கள், எழுந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பொத்தானை அழுத்தினீர்கள். அமுது வந்து மடியில் ஏறிக்கொண்டாள். முதல் வார்த்தைக்கு விரல் தடுமாறியது, அப்புறம் ஓடியது. 'எனக்கு வேண்டும். குரல் திரும்புகிற வரைக்குமாவது.' அடுத்துக் கண்மாய்ப் பக்கத்தைத் திறந்து, 'கலிங்கு வழியாக வெளியேறும் நீர்' என்பதற்குப் பக்கத்தில் 'ஓடை வழியாகக் கீழ்க்கண்மாய்க்குப் போய்ச் சேர்கிறது' என்று எழுதிப் புள்ளி வைத்தீர்கள். ஆக, நான் மேலே எழுதியதில் சரியாக இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

நீங்களும் இவரும் ஜீப்பைப் பார்க்கப் போன நேரத்தில் இதை எழுதி முடிக்கிறேன். காகிதத்தைத் திருப்பினால் அடியில் இன்னொரு வரியும் எழுதி வைத்திருக்கிறீர்கள், இப்போதுதான் பார்த்தேன்: 'வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். தேவாரத்துக்குப் பஸ் இல்லையா தாயி?'

இதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.